இல்லாத வட்டிக்கு வரி கட்டியவன்

வரி கட்டாமல் இருப்பதற்காகப் பொய் சொன்னவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களில் சிலர் நெருங்கிய உறவினர்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே வாசலில் சண்டைக்கு வந்து நிற்பார்கள். ஆனால் வரி கட்டியே தீர வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னவன் ஒருவனைத்தான் தெரியும். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. சுருட்டை முடி. தன்னைப்போல் விவரமானவன் வில்லியனூரிலிருந்து கடலூர் வரைக்கும் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தான். (முடி போய்விட்டது. நம்பிக்கை அதற்கு வெகு முன்பே போய்விட்டது.)

எங்கள் பக்கம் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. நான் வில்லியனூர்க்காரன். வேலை மட்டும் எல்லை தாண்டி, இங்கிலீஷ்காரன் ஆண்ட கடலூர்ப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில். எந்த விவசாயி எந்த வாரம் கரும்பு வெட்டலாம் என்று உத்தரவு எழுதுவது, வண்டி வந்தால் எடை பார்ப்பது, கரும்பில் ஒட்டிவரும் சோகை இலைக்கும் மண்ணுக்கும் எடையில் கழிவு போடுவது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் நன்றாகவே இருந்தது. எங்கள் தெருவில் அவ்வளவு சம்பளம் வாங்கியவர் வேறு யாருமில்லை. அதைத் தெருவுக்கு ஞாபகப்படுத்த நான் தவறியதும் இல்லை.

இரண்டு ராஜ்ஜியத்தில் கால் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இரண்டு விதமான புத்தி வேண்டும். கடலூர்ப் பக்கம் வருமான வரி கட்டுகிறவர் என்றால் தனி மரியாதை. ஓட்டு உண்டு. ஆபீசுகளில் உட்கார நாற்காலி உண்டு. பேச்சுவாக்கில் மூன்றாவது வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலோ நிலத்துக்கு வரி, சாராயக் கடைக்கு வரி எல்லாம் தெரியும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் வரி கட்டுகிறார்கள் என்று ஒருவனிடம் சொன்னால், நம்மை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பான். இங்கே வெட்கப்பட வேண்டியதை அங்கே பெருமையாகச் சொல்வார்கள். எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியவில்லை.

பாகூர் எல்லையை ஒட்டி எங்கள் ஆலைக்கு ஒரு எடைக்களம் இருந்தது. ஒரு தை மாதம் அங்கே நான் கழிவு எழுதிக்கொண்டிருந்தபோது, வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“இன்னா எழுதறீங்க?”

“கழிவு.”

“இவ்ளோ கழிவா? எங்கப்பா கரும்பு அனுப்பினாரா, குப்பை அனுப்பினாரா?”

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவளே வண்டிகளோடு வந்திருந்தாள். பெயர் பூங்காவனம். பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிற கலியபெருமாள் என்பவரின் ஒரே பெண். வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவினாள். நுனியிலிருந்து அடிவரை கையால் தடவிக் காட்டினாள். “இதுல எங்க கீது சோகை? காட்டுங்க, பாப்போம்.” நான் கரும்பைப் பார்க்கவில்லை. கழிவைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். ஆலைக்கு அன்று நஷ்டம். எனக்கு அதைவிடப் பெரிய சேதம்.

அடுத்த வாரமே சித்தப்பாவைப் பெண் கேட்க அனுப்பினேன். என் அப்பா இறந்தபிறகு எனக்குப் பெரியவர் அவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். எதைக் கேட்டாலும் பிரெஞ்சுச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்பார். (கப்பலில் சமையற்கட்டில் இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் எதிரில் சொல்ல மாட்டார்கள்.)

சித்தப்பா திரும்பி வந்து வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “அவங்களுக்கு இஷ்டம்தான்டா. ஆனா கடலூர்லேர்ந்து இன்னொரு வரன் வந்துகினு இருக்குது. மணிலாக்கொட்டை மண்டிக்காரன் மவன். அவங்க வூட்ல வருமான வரி கட்டறாங்களாம். வந்தவன் அதையே பத்து தடவ சொன்னானாம்.”

“பொண்ணோட அப்பா இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. தாடைய சொறிஞ்சிக்கினு ‘அப்பிடியா’ன்னாராம்.”

அந்த ‘அப்பிடியா’ என் தூக்கத்தைக் கெடுத்தது. பாகூர் விவசாயி ஒருவர் தாடையைச் சொறிந்தால் அவர் அசந்துபோய்விட்டார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். என் பூங்காவனத்தை ஒரு வேர்க்கடலை மண்டி தூக்கிக்கொண்டு போவது கண்ணுக்கு நேரே தெரிந்தது. மறுநாள் காலையில் ஆலையின் பெரிய கணக்கரிடம் போய் நின்றேன்.

அந்தச் சமயம் பத்திரிகையில் ஒரு சர்க்கார் அறிவிப்பு வந்திருந்தது. இன்ன வரம்புக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. அதைக் காட்டி, எனக்குப் பொருந்துமா என்று கேட்டேன்.

“பெரிய சம்பளக்காரங்களுக்கு ஆலையே வரியப் பிடிச்சுக் கட்டிடுது,” என்றார். “ஆனா அவங்களுக்குப் பாங்கியில சேமிப்பு இருந்து வட்டியும் வந்தா, அந்த வட்டியையும் சேத்து எழுதிக் குடுக்கணும். சம்பளத்துல பிடிச்சாச்சு, அதோட சரின்னு இருக்க முடியாது.”

“எனக்கு?”

“ஒன் சம்பளம் வரம்புக்குக் கீழ. ஒங்கிட்ட இருக்கறது தபாலாபீஸ் புஸ்தகம். அந்த வட்டிக்கு வரியே கிடையாது. ஒனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, போ.”

“பாங்கி வட்டி கொஞ்சம் இருந்து, அதைச் சேத்தா வரம்பைத் தாண்டும்னு வைங்க...”

“தாண்டினா எழுதணும். ஒனக்கு இருக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் என்னாத்துக்குய்யா காலங்காத்தால என் உசுர வாங்கற?”

எந்த மனிதனும் இதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது. நான் கேட்டுக்கொண்டு போய், அன்று மாலையே அந்தப் பாரத்தை வாங்கி வந்து, சேமிப்பு வட்டி என்ற இடத்தில் ஒரு தொகையை எழுதினேன். எவ்வளவு எழுதினால் வரம்பைத் தாண்டும் என்று கணக்குப் போட்டேன். நூலிழையில் தாண்டினால் அல்பமாக இருக்கும் என்று, கௌரவத்துக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். இத்தனைக்கும் பாங்கி என்ற கட்டடத்துக்குள் மழைக்கு ஒதுங்கக்கூட நான் போனதில்லை. அழகாகக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

இதற்கிடையில் கடலூர் வரன் தட்டிப்போயிற்று என்று சேதி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பெருமை அவர்கள் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிச்சய தாம்பூலத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள்.

புத்தியுள்ளவன் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். அந்த வாரம் மார்புக்குக் குறுக்கே சர்க்கார் பட்டை போட்ட, வரி ஆபீசின் டவாலிச் சேவகர் ஒருவர் ஆலைக்கே வந்து, “உங்க பேருக்கு நோட்டீஸ். வட்டி விஷயமா ஆதாரத்தோட வரச் சொல்லி இருக்குது,” என்று நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “இங்க வேணாம். வெள்ளிக்கிழமை பாகூருக்குக் கொண்டு வந்து குடுங்க,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டவாலியோட பிரெஞ்சு எல்லைக்குள்ள கால் வெச்சா என் உத்தியோகம் பூடும்.”

“எல்லைக்குள்ள வர வேணாம். அவங்க வூட்டுக்குப் பின்னாடி கரும்புத் தோட்டம். தோட்டத்துக்கு நடுவுல எல்லைக்கல் நிக்குது. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்னு, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சத்தமா.”

அவர் கையில் ஒரு ரூபாயை அழுத்தினேன். அவருடைய அத்தனை வருஷ சர்வீசில், வரி நோட்டீசைக் கூட்டத்துக்கு நடுவில் கொடுக்கச் சொல்லி லஞ்சம் தந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கலியபெருமாள் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பாகூர்க்காரர்கள் ஒரு பக்கம், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த அவருடைய சிநேகிதர்கள் ஒரு பக்கம். எங்கள் சித்தப்பா சைகோனில் தனக்குக் கிடைத்த மரியாதைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டுகளில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், புடவை. மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது கொல்லைப்புறத்திலிருந்து, கல்லும் அதிரும்படி ஒரு குரல் என் பெயரை, அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு கூவியது.

எல்லாரும் எழுந்து பின்கட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போனோம். பெண்டுகளும் பின்னால் வந்தார்கள். கரும்புக்கு நடுவே எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம், டவாலி பளபளக்க, தலைப்பாகையோடு சேவகர். வாங்கின காசுக்கு வஞ்சனை இல்லாமல் உழைத்தார்.

“சேமிப்பு வட்டி மேல வருமான வரி! சர்க்கார் நோட்டீஸ்!”

நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, கல்லைத் தாண்டிப் போய், நிதானமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கிய கையோடு வருங்கால மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். பெருமையில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

வந்த வேலை முடிந்த சேவகர் சும்மா போயிருக்கலாம். சுற்றிலும் பார்த்துவிட்டு, வெறும் பேச்சுக்காகக் கலியபெருமாளையே கேட்டார்: “கரும்பு நல்லா வந்துருக்குதே. இந்தப் பக்கத்துத் தோட்டம் யாருது?”

“தெரியாது,” என்றார் கலியபெருமாள்.

தான் நட்ட கரும்புக்கு நடுவில், தன் கையால் வெட்டிய வாய்க்காலில் கால் நனைய நின்றுகொண்டு சொன்னார். அக்கரைச் சிநேகிதர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஆகாயத்தைப் பார்த்தார்கள். சேவகர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாமனார் திரும்பி வீட்டுக்குள் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

கூடத்துக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தட்டை எடுத்து உள்ள வைங்க.”

“இன்னாங்க இது?” என்றார் சித்தப்பா.

“ஏன் தம்பி,” என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். “வட்டி இன்னா வருதுன்னு ஒன்ன யாராச்சும் வந்து கேட்டாங்களா?”

“இல்லீங்க.”

“நீயா போய் எழுதிக் குடுத்தியா?”

“ஆமாங்க.” இன்னும் கொஞ்சம் பெருமை குரலில் மிச்சமிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

“அந்தக் கடலூர்ப் பையன எதுக்கு வேணாம்னேன்? இதுக்குத்தான்யா வேணாம்னேன்! வரி ஆபீஸ்காரன் அவன் பின்னாலயே என் வூட்டுக்கு வந்துடுவான்னுதான் வேணாம்னேன். அவனாச்சும் கேட்டதுக்குப் பதில் எழுதறவன். நீ கேக்காமயே எழுதறவன். நாளைக்கி இங்க வந்து குந்திக்கினு, எங்க மாமனாரு வட்டிக்கி வுட்டிருக்காருன்னு எழுதிக் குடுப்ப!”

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். “பயப்படாதீங்க. இது பிரெஞ்சு ராஜ்ஜியம். அவன் சட்டம் இங்க செல்லாது.”

“நான் குந்தியிருக்கறது இந்தப் பக்கம்தான்யா! காசு குந்தியிருக்கறது அந்தப் பக்கம்! வட்டி குடுக்கறவனெல்லாம் அந்தப் பக்கம்தான கீறான்!”

சொன்னபிறகுதான், அவ்வளவு பேர் எதிரில் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஜமக்காளத்தில் அக்கரைச் சிநேகிதர்கள் வெற்றிலைக் காம்புகளை வெகு கவனமாகக் கிள்ளினார்கள். அவர்கள் எப்படிப்பட்ட சிநேகிதர்கள் என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. புடவைத் தட்டும் போயிற்று. எனக்கு இருந்தது ஒரே வழி. அது உண்மை. அதை நான் அவ்வளவு நாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஐயா, எங்கிட்டச் சேமிப்பே கிடையாதுங்க,” என்றேன். “பாங்கியில ஒரு சல்லிக்காசு இல்ல. வட்டியும் இல்ல. வரி கட்டற ஆளுன்னு நீங்க மதிக்கணும்னு பொய்யா எழுதிட்டேன்.”

சித்தப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வரும்போது வழியெல்லாம் என் சம்பளத்தை ஏற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர்.

“அப்போ காசும் இல்ல, புத்தியும் இல்ல,” என்றார் கலியபெருமாள், கணக்கை முடிக்கிறவர்போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. வரி கட்டுகிறவன் என்று நினைத்ததால் வேண்டாம் என்றவர்கள், ஏழை என்று தெரிந்ததும் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டது நானேதான். சைகோன் வரைக்கும் போகும் கப்பல் ஏதாவது அன்று கடலூர்த் துறைமுகத்தில் நின்றிருந்தால் ஏறிப் போயிருப்பேன்.

அப்போது உள்வாசற்படியிலிருந்து பூங்காவனம் பேசினாள். அந்தக் காலத்தில் நிச்சயதார்த்தப் பெண் கூடத்தில் வாய் திறந்து பேச மாட்டாள். இவள் திறந்தாள்.

“ஏம்பா, ஏமாத்தறவன் தனக்கு வரி வர்ற மாதிரியா பொய் சொல்லுவான்?”

“நீ உள்ள போ.”

“போறேன். எடை போடறப்பவும் இவரு இப்பிடித்தான். ஒரு வார்த்த தட்டிக் கேட்டேன், உடனே கழிவக் கொறச்சிட்டாரு. பொய் எழுதிட்டு அதுல நிக்கத் தெரியாத ஆளு. இவரால ஒனக்கு இன்னா ஆபத்து வந்துடப் போவுது?”

என்னை இவ்வளவு அவமானப்படுத்தி இவ்வளவு காப்பாற்றிய பேச்சை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

கலியபெருமாள் தாடையைச் சொறிந்தார். (இந்தத் தடவை அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தது.) கடைசியில் சொன்னார்: “அந்த ஆபீசுக்குப் போ. எழுதினத அழிச்சிட்டு வா. என் தோட்டத்துப் பக்கம் ஒரு டவாலிக்காரன் இனி தலை காட்டக் கூடாது. அப்பால பேசிக்கலாம்.”

திங்கட்கிழமை காலை கடலூர் வரி ஆபீசில் நின்றேன். ஆபீசர் நடுத்தர வயசு. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர்.

“தவறாக எழுதிவிட்டேன் ஐயா. எனக்குப் பாங்கியில் சேமிப்பு எதுவும் இல்லை.”

“இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் தினமும் கேட்கிற பேச்சு இது,” என்றார்.

“என் விஷயத்தில் நிஜம் ஐயா.”

“அதையும் எல்லாரும் சொல்வார்கள்.”

தபாலாபீஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். என்னிடம் உள்ளது இவ்வளவுதான் என்று அவர் பார்த்ததும் நம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “இந்த வட்டிக்கு வரி கிடையாது. இதை மட்டும் தயாராக எடுத்து வந்திருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே தெரிகிறது. வரியுள்ள பணம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது.”

அங்கே எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இருப்பதை மறைக்கிறவனும், இல்லாததை இல்லை என்கிறவனும் ஒரே வார்த்தைகளைத்தான் பேச வேண்டியிருக்கிறது. கேட்கிறவர் காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னேன். எடைக்களம், மணிலாக்கொட்டை மண்டி, எல்லைக்கல் எல்லாவற்றையும். மாமனாரின் வட்டி வியாபாரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கு மூன்று பெண்கள். வரன் வீட்டார் சொல்கிற சம்பளத்தில் பாதியைத்தான் எப்போதும் கணக்கில் எடுத்துக்கொள்வேன். ஆனால் ஒருவரும் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, சர்க்காருக்கு அனுப்பியதில்லை.” “நான் உங்களை நம்புகிறேன். என் நம்பிக்கையை ஃபைலில் வைக்க முடியாது. இரண்டு வழி இருக்கிறது. இன்ஸ்பெக்டரை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறேன். எல்லையோரக் கிராமங்களில் நாலு பேரைக் கேட்பார், உங்கள் வருங்கால மாமனாருக்குத் தெரிந்தவர்களைக் கேட்பார், யார் யாரிடம் என்ன கொடுக்கல் வாங்கல் என்று பார்ப்பார். உங்களிடம் பணம் இல்லை என்று எழுதினால் ரத்து செய்துவிடலாம். இல்லையென்றால் நீங்கள் எழுதியபடியே வரியைக் கட்டிவிடுங்கள். ஃபைலை இன்றே மூடிவிடுகிறேன்.”

விசாரணை நடந்தால் என் பொய் தீரும். ஆனால் கலியபெருமாளின் அக்கரைச் சிநேகிதர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் இன்ஸ்பெக்டர் போய் நிற்பார். அவர்கள் வெற்றிலைக் காம்பு கிள்ளிய அழகைப் பார்த்தவன் நான். ஒரு கேள்விக்குத் தாங்க மாட்டார்கள்.

“கட்டிவிடுகிறேன் ஐயா,” என்றேன்.

தபாலாபீசில் இருந்தது போதவில்லை. ஆலை வாசலில் சைக்கிள் ரிப்பேர் செய்பவரிடம் என் சைக்கிளை விற்றேன். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, வெயிலில் பாகூருக்கு நடந்தேன். ஆற்று மணல் சுட்டது. இல்லாத பணம், வராத வட்டி, அதற்கு வரி. வழியில் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அவர் என்ன சொல்வாரோ என்ற பயம் சிரிப்புக்கு அடியிலேயே இருந்தது.

கலியபெருமாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காலில் புழுதியோடு நின்ற என்னைப் பார்த்து, “சைக்கிள் எங்க?” என்றார்.

“வித்துட்டேங்க.”

“எழுதினத அழிச்சாங்களா?”

“அழிக்கணும்னா இந்தப் பக்கமெல்லாம் வந்து விசாரிப்பாங்களாம். வேணாம்னு வரியக் கட்டிட்டேன்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். நான் என்ன செய்திருக்கிறேன், எதற்காகச் செய்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. வெகு நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “பூங்காவனம், மாப்ள நடந்து வந்துருக்காரு. மோர் கொண்டா.”

வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அந்த ஃபைல் அன்றே மூடப்பட்டது உண்மைதான். பெயர் மட்டும் அவர்கள் பதிவில் ஏறிவிட்டது. அடுத்த சில வருஷங்கள் தவறாமல் நோட்டீஸ் வரும். நானும் தவறாமல் போய், இந்த வருஷமும் எனக்கு வட்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். பணம் எங்கே போயிற்று என்று ஒவ்வொரு புது ஆபீசரும் கேட்பார். மாமனாரோ, வரி என்றால் அலறிய அதே மனிதர், பாகூர்ச் சந்தையில் ஆள் விடாமல் பிடித்துச் சொல்லுவார்: “எங்க மாப்ள வரி கட்டறவரு. சேவகன் எல்லைக்கல்லாண்ட வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டான்!” கடைசிவரை அவர் தன் வட்டிக்கு ஒரு காசு வரி கட்டவில்லை. அதை நினைத்தால் எனக்குச் சில சமயம் கோபம் வரும். அவர் இறந்தபிறகு, கொடுத்த கடனில் பாதிக்கு மேல் அவர் வட்டியே வாங்காமல் விட்டிருந்தார் என்று தெரிந்தது. யாருக்கு உண்மையில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். எல்லைக்கல்லை யாரோ துணி துவைக்க எடுத்துப் போனார்கள். வருமான வரி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. எங்களிடமும் பாங்கியில் நிஜமாகவே கொஞ்சம் பணம் சேர்ந்தது. பால் விற்றும் கரும்பு விற்றும் பூங்காவனம் சேர்த்தது அது. இப்போது என் அக்காள் பிள்ளைகள், மருமகன்கள் எல்லாம் நல்ல சம்பளக்காரர்கள். மார்ச் மாதம் வந்தால் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து, “சம்பளத்துல வரி பிடிச்சுட்டாங்க. சேமிப்பு வட்டிய வேற தனியா எழுதணுமா?” என்று கேட்பார். ஆலையில் அத்தனை வருஷம் இருந்தவன் ஆயிற்றே என்று நான் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொள்வேன்.

நான் ஆரம்பிப்பதற்குள் அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும்.

“அவரக் கேக்காதீங்க. இருக்குதுன்னா எழுதுங்க, இல்லன்னா கம்முனு இருங்க. இல்லாதத எழுதினா சைக்கிள் பூடும்.”

எல்லாரும் சிரித்து முடிக்கிற வரைக்கும் அவள் பொறுமையாக இருப்பாள். பிறகு கரண்டியோடு வாசற்படிக்கு வந்து, என் பக்கம் பார்த்து, மெதுவாகச் சொல்லுவாள்:

“பொண்டாட்டி வருவா.”